செடிக்குச் சோறு போடுவது உரமா, வெயிலா?

9 ஜனவரி 2024, கேள்வி: பெங்களூர் பானஸ்வாடி வாசகர்

தொட்டியில் கறிவேப்பிலை. இரண்டு வருஷமாக முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மண்புழு உரம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, புளித்த மோர், எல்லாம் ஊற்றியாச்சு. செடி சாப்பிடுவது மண்ணிலிருந்துதானே? குறைவில்லாமல் போட்டும் ஏன் இப்படி? சூரிய ஒளியில் தானே சமைத்துக்கொள்கிறது என்று பள்ளியில் படித்தது பரீட்சைக்கு எழுத மட்டும்தான் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லவும்.

9 ஜனவரி, இரவு

பால்கனி எந்தத் திசை? அதைச் சொல்லாமல் புண்ணாக்குக் கணக்கை மட்டும் சொன்னால் எப்படி தம்பி?

10 ஜனவரி

திசை வரும்வரை ஒரு பழைய கதை. பெல்ஜியப் பக்கத்தில் வான் ஹெல்மான்ட் என்று ஒருவர். 200 பவுண்டு மண்ணை நன்றாகக் காயவைத்து, நிறுத்து, தொட்டியில் போட்டார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ். இரண்டு கைப்பிடி கூட இல்லை.

164 பவுண்டு மரம் 2 அவுன்ஸ் மண்ணிலிருந்து வராது. அப்படியென்றால் தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648இல் இது அச்சில் வந்தது. பாதி சரி. மீதிப் பாதி காற்று. வேடிக்கை என்னவென்றால் 'கேஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவரே இந்த மனிதர்தான். கரி எரிந்தால் வரும் வாயுவைப் பற்றியும் எழுதினார். அதே வாயுவைத்தான் அவருடைய மரம் ஐந்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே இருந்தும் கோட்டை விட்டார்.

ஆகவே உங்கள் கறிவேப்பிலையின் குச்சி, இலை, வேர் எல்லாவற்றிலும் உள்ள கரி, அதாவது கார்பன், காற்றிலிருந்து வந்தது. இலை கரியமில வாயுவை வெயிலால் உடைத்து, கரியை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுகிறது. உரம் என்பது உப்பு, புளி, மஞ்சள் பொடி மாதிரி. அது இல்லாமல் குழம்பு இல்லை. ஆனால் உப்பைத் தின்று யாரும் வளர்வதில்லை.

11 ஜனவரி

"என் தொட்டியில் வருஷா வருஷம் மண் இரண்டு அங்குலம் இறங்குகிறதே, அதைச் செடிதானே தின்றது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் போட்டது பாதி மக்கின குப்பை, தேங்காய் நார்த்தூள். அதை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடுகின்றன. கொஞ்சம் அடித்துளை வழியாகக் கழுவிக்கொண்டு போகிறது. செடியின் மேல் பழி போடாதீர்கள்.

15 ஜனவரி

பொங்கல் கரும்பு வாங்க சிவாஜிநகர் போய், பையும் காலும் கடுத்துத் திரும்பினேன். கடித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கரும்பின் மேல் போடவும்.

இலைக்குள் காற்றிலிருந்து கரியைப் பிடித்துப் போடும் புரதத்துக்கு ரூபிஸ்கோ என்று பெயர். உலகத்தில் இதைவிட அதிகமாக இருக்கும் புரதம் இல்லை என்கிறார்கள். இத்தனை இருந்தும் படு மந்தம். ஒரு நொடிக்குச் சில தடவைதான் வேலை செய்யும். அதோடு ஒரு கெட்ட பழக்கம்: வெயில் ஏறினால் கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அரிசியோடு கல்லையும் சேர்த்து அள்ளும் கை. பிறகு அந்தக் கல்லைப் பொறுக்கி எறிய வேறு செலவு.

கரும்பு இதற்கு ஒரு முறம் வைத்திருக்கிறது. கரியமில வாயுவை முதலில் ஓர் அடுக்கு செல்கள் புடைத்து வாங்கி, உள் அடுக்கில் ரூபிஸ்கோ இருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். அங்கே கல் குறைவு. இதை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை வைத்தே விளக்கினார்கள். சி4 முறை என்று பெயர். சோளம், கம்பு, மக்காச்சோளம், நம்ம ஊர் முத்தெ உருட்டும் கேழ்வரகு எல்லாம் இந்தக் கட்சி. நெல்லும் கோதுமையும் இல்லை. பொங்கல் பானையில் அரிசி ஒரு கட்சி, பக்கத்தில் சாத்தி வைத்த கரும்பு இன்னொரு கட்சி.

கறிவேப்பிலை? நெல்லின் கட்சி.

21 ஜனவரி

10ஆம் தேதிக் குறிப்பில் ஒரு தப்பு. அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் காதைத் திருகிவிட்டார்.

கரியமில வாயுவை உடைத்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது என்று எழுதினேன். அப்படித்தான் நூறு வருஷத்துக்கு மேல் பெரிய ஆட்களும் நினைத்திருந்தார்கள். வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது. கந்தகப் பாக்டீரியாக்களைக் கவனித்த வான் நீல் இதை முதலில் ஊகித்தார். அவை தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை உடைத்து, ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தைத் துப்பும். அப்படியானால் செடி துப்புவது தண்ணீரின் ஆக்சிஜனாகத்தானே இருக்க வேண்டும்? 1941இல் ரூபன், கேமன் குழு எடை கூடிய ஆக்சிஜன் அணு உள்ள தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்தக் கனமான ஆக்சிஜன்தான் குமிழியில் வந்தது.

இலையில் இரண்டு வேலை நடக்கிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து, தண்ணீரை உடைத்து, சார்ஜ் ஏற்றுவது ஒன்று. அந்தச் சார்ஜை வைத்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு எங்கள் புத்தகத்தில் 'இருட்டு வினை' என்று பெயர். நான் அதை ராத்திரியில் நடப்பது என்றே மனப்பாடம் செய்து, எழுதி, மார்க்கும் வாங்கினேன். வெளிச்சம் நேரடியாகத் தேவையில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நடப்பது பகலில்தான், சார்ஜ் இருக்கும்போதுதானே நடக்கும்.

4 பிப்ரவரி

வாயால் சொன்னது போதும் என்று வீட்டில் செய்து பார்த்தோம். பையனுக்குப் பள்ளியில் செய்முறை வேறு இருந்தது.

செம்பருத்தி இலையில் கறுப்புத் தாளில் வெட்டிய 'ச' எழுத்தை ஒட்டினோம். என் பெயரின் முதல் எழுத்து. மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கே பறித்து, கொதிநீரில் போட்டு, ஸ்பிரிட்டில் வெளுக்கவைத்து, டிங்சர் அயோடின் விட்டோம். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. இலை முழுக்க டீக்கறை. மெடிக்கல் ஷாப்காரர் பழைய டிங்சரைக் கொடுத்துவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். சாதம் வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் மசி மாதிரி கறுத்தது. டிங்சர் நன்றாகத்தான் இருந்தது.

தப்பு நேரத்தில். பகலில் சேர்த்து வைத்த மாவைச் செடி ராத்திரி முழுக்கச் செலவழிக்கிறது. விடியும்போது பாத்திரம் கிட்டத்தட்டக் காலி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பறித்தோம். இலை முழுக்கக் கருநீலம், நடுவில் 'ச' மட்டும் வெளிறிக் கிடந்தது. வெயில் படாத இடத்தில் அடுப்பே எரியவில்லை. ஒரே இலை, ஒரே வேர், ஒரே புண்ணாக்கு. பானஸ்வாடி தம்பி இதைக் கவனிக்கவும்.

செய்பவர்கள் ஸ்பிரிட்டை அடுப்பு மேல் வைக்காதீர்கள், குப்பென்று பிடித்துக்கொள்ளும். அடுப்பை அணைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். வீடு ஆஸ்பத்திரி நாற்றம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, பச்சையாக நின்ற ஸ்பிரிட்டைக் காட்டி, யாருக்குக் கஷாயம் என்றார்.

6 பிப்ரவரி

சமையல் மேடையில் டிங்சர் கறை போகவில்லை.

7 பிப்ரவரி

எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னவருக்குக் கோடி புண்ணியம். போச்சு.

18 பிப்ரவரி

இருவர் ஒரே கேள்வி: "பாம்புச்செடி ராத்திரியிலும் ஆக்சிஜன் தருமாமே, படுக்கையறையில் வைக்கலாமா?"

தாராளமாக வையுங்கள், அழகாக இருக்கும். நானும் ஒரு நர்சரியில் 650 ரூபாய் கொடுத்து அந்தப் பேச்சை நம்பி வாங்கியவள்தான். ஆனால் ஆக்சிஜன் தண்ணீர் உடைந்து வருவது, தண்ணீரை உடைக்க வெளிச்சம் வேண்டும் என்று 21ஆம் தேதி எழுதினேன் இல்லையா? விளக்கை அணைத்த பிறகு எந்தச் செடியாலும் அது முடியாது. பாம்புச்செடி ராத்திரியில் செய்வது வேறு. கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. அதைத்தான் யாரோ ஆக்சிஜன் என்று மாற்றிச் சொல்லி, ஊரெல்லாம் பரவிவிட்டது.

பகலிலாவது? கணக்குப் போடுவோம். ஒரு ஆள் ஒரு நாளில் செலவழிக்கும் ஆக்சிஜன் சுமார் 550 லிட்டர், எடையில் முக்கால் கிலோ. செடி 192 கிராம் ஆக்சிஜன் விட்டால் 180 கிராம் சர்க்கரை கட்டியிருக்க வேண்டும், அது இரண்டும் சேர்ந்தே வரும் கணக்கு. அப்படியானால் உங்கள் ஒருவருக்கு ஈடுகட்ட வீட்டுச்செடிகள் தினமும் 700 கிராம் ஏற வேண்டும், அதுவும் தண்ணீர் நீக்கிய காய்ந்த எடையில். என் பாம்புச்செடி வருஷத்துக்கு ஒரு இலை விடுகிறது.

ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

3 மார்ச்

மேலே பாம்புச்செடி ராத்திரியில் வாயுவை வாங்கி வைக்கிறது என்று எழுதினேனே, அந்த வித்தையின் தடயத்தை இன்னொரு செடியில் நாக்கால் கண்டுபிடித்த ஒருவர் இருக்கிறார். நம்ம ஊர் ஆள் என்றே சொல்லலாம்.

பெஞ்சமின் ஹைனே. ஜெர்மன்காரர். மொராவியக் கிறிஸ்தவச் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். திப்பு வீழ்ந்த பிறகு நம்ம லால்பாக் தோட்டம் சில காலம் இவர் பொறுப்பில் இருந்தது. இவர் ரணகள்ளி இலையை மென்று பார்த்திருக்கிறார். அதுதான், கிராமத்தில் 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்போமே, கன்னடத்தில் காடு பசளெ. காலையில் சுக்கான் கீரை மாதிரி புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, சாயங்காலம் லேசாகக் கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார், 1815இல் அச்சானது. ஏன் அப்படி என்பதன் முழுக் காரணம் அவருக்கும் பிடிபடவில்லை.

விஷயம் இவ்வளவுதான். வறண்ட இடத்துச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் பறந்துவிடும். அதனால் ராத்திரியில் திறந்து, வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக ஊறப்போட்டு வைக்கும். ஆப்பிளில் புளிக்கிறதே, அதே அமிலம். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலில் சர்க்கரை கட்டும். மத்தியானத்துக்குள் புளிப்பு தீர்ந்துவிடும். கள்ளி, கற்றாழை, அன்னாசி, பிரண்டை எல்லாம் இந்த ராத்திரி வியாபாரிகள்தான்.

எதிர்வீட்டுப் பாட்டி கல்லடைப்புக்கு என்று வளர்க்கும் ரணகள்ளியில் முற்றின இலையாக இரண்டு கேட்டு வாங்கினேன். காலை ஆறு மணிக்கு ஒன்று: பல் கூசியது. அதே செடியில் மதியம் இரண்டரைக்கு இன்னொன்று: வெள்ளரிக்காய்த் தோல். மென்று துப்பிவிட்டேன், விழுங்கவில்லை. அந்தக் குடும்பச் செடிகளை அதிகமாக மேய்ந்தால் மாடுகளுக்கு இதயம் நின்றுபோகும், விளையாட வேண்டாம். பாட்டிக்கு நான் மென்று துப்பியதில் வருத்தம். காலையில் புளிக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியுமாம்.

14 மார்ச்

போர்வெல் காற்று கக்குகிறது. டேங்கர் வந்தால் தெருவே ஓடுகிறது. குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொல்லிவிட்டது. என் செடிகளுக்கு அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலசின முதல் தண்ணீர், அவ்வளவே.

சந்தேகம் ஒன்று வந்தது. உடைக்கத் தேவைப்படும் தண்ணீர் கொஞ்சம்தானே, பிறகு ஏன் குடம் குடமாகக் கேட்கிறது? கரியமில வாயுவுக்குக் கதவைத் திறந்தால் அதே கதவு வழியாக ஆவி பறக்கும். நெல் மாதிரிச் செடிகள் ஒரு கிராம் உடம்பு வைக்க நூற்றுக்கணக்கான கிராம் தண்ணீரை ஆவியாக விடுகின்றன. ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி போட்டது போல. தண்ணீர் இல்லாவிட்டால் கதவைச் சாத்தும். சாத்தினால் வெயில் எவ்வளவு அடித்தாலும் சமைக்கச் சரக்கு வராது. என் செம்பருத்தி இந்த மாதம் ஒரு மொட்டு விடவில்லை. ரணகள்ளிப் பாட்டி வீட்டில் எந்த மாற்றமும் இல்லை.

22 ஏப்ரல்

மூன்று மாதம் பதின்மூன்று நாள் கழித்துப் பானஸ்வாடி தம்பி திசை சொல்கிறார். வடக்கு.

24 ஏப்ரல்

இன்று பெங்களூரில் நிழல் இல்லா நாள். 12.17க்கு மொட்டை மாடியில் கம்பியை நட்டுப் பார்த்தோம், நிழல் கம்பியின் காலடிக்குள் போய்விட்டது. நாம் இருப்பது வடக்கே 13 டிகிரி. இன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வடக்குப் பால்கனிக்காரருக்கு இனி நாலு மாதம் கொண்டாட்டம், கறிவேப்பிலை எகிறும் பாருங்கள்.

25 ஏப்ரல்

நேற்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன். ஜூன் 21க்குக் கூட சூரியன் உச்சியிலிருந்து 10 டிகிரிதான் வடக்கே சாயும். அந்த வெயில் பால்கனிக்குள் எப்படி நுழையும்? மேல்வீட்டு ஸ்லாப் தடுத்துவிடும். காலையிலும் சாயங்காலமும் சாய்வாகக் கொஞ்சம் வரும். அதற்குள் ஜூனில் மேகம் வந்துவிடும். டிசம்பரில் சுத்தமாகக் கிடையாது. கொண்டாட்டத்தை வாபஸ் வாங்குகிறேன்.

தம்பி சொல்கிறார், "பால்கனியில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, பேப்பர் படிக்கலாம்." கண்ணை நம்பாதீர்கள். கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், இலையால் முடியாது. போனில் ஒளி அளக்கும் செயலியைப் போட்டு என் வீட்டில் பார்த்தேன். மாடியில் பதினோரு மணிக்கு 90,000 லக்ஸைத் தாண்டியது. நிழல் பால்கனியில் 4,000 சொச்சம். ஹாலில், நான் பேப்பர் படிக்கும் நாற்காலியில், 180. பேப்பர் படிக்கலாம், வளர முடியாது.

இதை எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது. அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பத்து வருஷக் கறிவேப்பிலை மரம் இருந்தது. தெருவே பறித்துக்கொண்டு போகும். தெற்குப் பக்கத்து மனையில் நாலு மாடி எழும்பியது. மரம் தலையை நீட்டி நீட்டி, இலைக்கு இலை தள்ளித் தள்ளி விட்டு, கழி மாதிரி ஒல்லியானது. நான் என்ன செய்தேன்? புண்ணாக்கு வாங்கினேன். இரண்டு மூட்டை. தம்பியிடம் முதல் நாளே திசையைக் கேட்டது அதனால்தான்.

2 மே

தம்பி செடியை மாடிக்குத் தூக்கிப்போய் உச்சி வெயிலில் வைத்தாராம், மூன்று நாளில் இலை வெளுத்துக் கருகிவிட்டதாம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. நிழலில் விட்ட இலை மெல்லியது, கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கவென்று கட்டியது. அதன் மேல் ஒரேயடியாக வெயிலைக் கொட்டினால் செலவழிக்க வழியில்லாமல் தன் எந்திரத்தையே எரித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி நிழலில் பத்து நாள், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். கருகினதைக் கிள்ளிவிடுங்கள். புது இலை வெயிலுக்கு ஏற்றபடி தடித்து வரும்.

9 மே

"பச்சையைத் திருப்பி அனுப்புவதால்தான் இலை பச்சை" என்று எல்லோரும் எழுதுகிறோம். முழுசாக அனுப்புவதில்லை. பச்சை வெளிச்சத்திலும் பெரும்பகுதியை இலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிவப்பையும் நீலத்தையும் இன்னும் அதிகமாக. மிச்சம் வரும் கொஞ்சம்தான் நாம் பார்க்கும் பச்சை. ரோஸ் கலரில் எரியும் விளக்கு வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேலை செய்யும். ஆனால் சீரியல் பார்க்கும் ஹாலில் வைத்தால் வீடு சினிமா கொட்டகை மாதிரி இருக்கும். வெள்ளை விளக்கும் போதும்.

15 ஆகஸ்ட்

மலர்க்கண்காட்சி என்று லால்பாக் போனோம். பூவைவிடத் தலைகள் அதிகம். கூட்டத்துக்குப் பயந்து பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம். காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்புதான். பாறை உருவான நாளில் அதன் மேல் உட்கார்ந்திருந்தால் மூச்சு விட முடியாது. அந்த ஆக்சிஜனைத் துப்பியது மரமோ செடியோ கிடையாது, மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்குகிறதே அந்த மாதிரி நீலப்பச்சைப் பாசி. பிறகு அதில் ஒன்று இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்து, போகவே இல்லை. இன்று ஒவ்வொரு இலைக்குள்ளும் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகம் அந்தக் குடித்தனக்காரரின் வாரிசு. பத்து மாத அட்வான்ஸ் கேட்காமல் உள்ளே விட்ட வீட்டுக்காரர் பெங்களூர்க்காரராக இருந்திருக்க முடியாது.

18 ஆகஸ்ட்

நிழல் இல்லா நாள், இரண்டாவது சுற்று. மேகம். கம்பி நட்டதுதான் மிச்சம்.

1 செப்டம்பர்

பானஸ்வாடியிலிருந்து படம் வந்திருக்கிறது. இடுப்புக்கு மேல் வந்துவிட்டது, நாலு பக்கமும் கிளை. புண்ணாக்கை மாதம் ஒரு கைப்பிடியாகக் குறைத்திருக்கிறார். இப்போது புதுப் புகார்: மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறார்களாம், செடி மறுபடி குட்டையாகிவிடுமா என்று கேட்கிறார்.

நுனியை ஒடித்தால் பக்கவாட்டில் கிளை விடும், நல்லதுதான். இலையை உருவினால் மட்டும் சண்டை போடுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் வருகிறேன் தம்பி, எனக்கும் ஒரு கொத்து வைக்கவும்.